பவர் கண்ணாடி போடுகிறவர்கள் சைக்கிளுக்கு எந்தக் கூலிங் கிளாஸ் வாங்குவது?

தர்மபுரியில் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அவர்களில் கண்ணாடி போடுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பவரோடு ஸ்போர்ட்ஸ் கூலிங் கிளாஸ் கிடைக்குமா, எதை வாங்கலாம்? எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றுக்கு மேல், சிலிண்டரும் (கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாததற்குத் தருகிற பவர்) உண்டு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று பக்கத்தில் வந்தால்தான் தெரியும். அதனால் இதை நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். ஃபிரேமை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் ஓட்டுகிற ரோடு எப்படி, சைக்கிளில் நீங்கள் உட்காருகிற விதம் எப்படி, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

பென்னாகரம் ரோட்டையே எடுத்துக்கொள்வோம். தர்மபுரியிலிருந்து நேர் மேற்கு. போகும்போது வெயில் முதுகில் இருக்கும், ஒன்பது மணிக்குத் திரும்பும்போது நேராக முகத்தில் அடிக்கும். நடுவில் புளியமரங்கள் மிச்சமிருக்கிற இடங்களில் பத்தடி நிழல், பத்தடி வெயில் என்று மாறி மாறி வரும், பள்ளம் இருப்பதோ அந்த நிழலுக்குள்தான். கன்னங்கறுப்பான லென்ஸ் போட்டிருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. லென்ஸின் கறுப்பை 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். 3 என்றால் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம்தான் உள்ளே வரும், 2 என்றால் 18 முதல் 43 சதவீதம் வரை. 4 போட்டுக்கொண்டு ரோட்டில் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. கடைகளில் கூலிங் கிளாஸ் என்று எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் 3. நம் ரோட்டுக்கு 2 போதும், அதிலும் பிரவுன் கலர் நல்லது, தார் ரோட்டின் மேடு பள்ளம் அதில் எடுப்பாகத் தெரிகிறது.

கறுப்பாக இருந்தால்தான் கண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு, கறுப்பு வேறு. யூவி 400 என்று இருந்தால் 400 நானோமீட்டர் வரை தடுக்கும், அது வெள்ளை லென்ஸிலும் இருக்கலாம். தடுப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி இன்னும் மோசம். உள்ளே இருட்டாக இருப்பதால் கண்மணி விரியும், கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

வெயில் பட்டால் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸ் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். இருட்டில் கிளம்பி வெயிலில் திரும்புகிறவர்களுக்கு அதுதான் என் சிபாரிசு. ஆனால் புளியமர நிழலில் நுழைந்த உடனே வெளுத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கறுப்பதற்கு ஆகிற நேரத்தைவிட வெளுப்பதற்கு ரொம்ப நேரம் ஆகும், சில நிமிடங்கள். இன்னொன்று, சூடு ஏற ஏற இந்த லென்ஸ் முழுசாகக் கறுக்காது. ஏப்ரல், மே மாதத்தில் இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கோ அது வசதிதான், நிழலில் இருக்கிற பள்ளம் தெரிகிறதே. எதிரொளிக்கிற கூச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸ் ஆற்று மினுமினுப்புக்கு அருமை, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக் கரையில் நின்று பார்த்தால் புரியும். சைக்கிளுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிற ஸ்கிரீன் சில கோணங்களில் இருட்டடித்துவிடும், ஈர ரோட்டில் எண்ணெய் பளபளப்பதும் மறைந்துவிடும்.

அடுத்தது உட்காருகிற விதம். கடையில் ஸ்டூலில் நிமிர்ந்து உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, கண்மணிக்கு நேராகப் புள்ளி வைப்பார்கள். நாம் ஓட்டும்போது முதுகை வளைத்து, தலை குனிந்து, கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்க்கிறோம். அப்போது பார்வை போவது லென்ஸின் மேல் ஓரத்தில். அங்கே பவரின் மையம் இல்லையென்றால் உருவம் கொஞ்சம் இழுத்தது போலத் தெரியும், ஒரு மணி நேரத்தில் நெற்றி வலிக்கும். அதனால் கடையில் நான் ஸ்டூலிலிருந்தே சைக்கிள் ஓட்டுவது போல முன்னால் சாய்ந்து காட்டினேன். அளவு எடுத்த தம்பி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “அப்படியே இருங்கண்ணா” என்று சொல்லி, கீழே மண்டி போட்டு உட்கார்ந்து, ஸ்கெட்ச் பேனாவால் டம்மி லென்ஸில் புள்ளி வைத்தான். நிமிர்ந்து வைத்த முதல் புள்ளிக்கும் இதற்கும் நன்றாகவே இடைவெளி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மையத்தை வைக்க முடிவு செய்தோம், ஏனென்றால் டீக்கடையில் இறங்கி நிமிர்ந்தும் பார்க்க வேண்டுமே. மேல் விளிம்பு இல்லாத ஃபிரேமாக எடுத்ததும் இதற்காகத்தான்.

முகத்தைச் சுற்றி வளைந்து வருகிற ஃபிரேமில் ஒரு சிக்கல் இருக்கிறது. லென்ஸ் சாய்வாக நிற்பதால் எழுதிக் கொடுத்த பவர் கண்ணுக்கு அப்படியே வந்து சேராது, இல்லாத சிலிண்டர் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும், ஓரங்கள் நெளியும். அந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துப் பவரைத் திருத்திச் செய்துதருகிற லேப் இருக்கிறது, “வளைவுக்குத் திருத்தம் செய்து வருமா” என்று கேட்டுவிட்டே ஆர்டர் கொடுங்கள். வராது என்றால் வளைவு குறைந்த ஃபிரேமுக்குப் போய்விடுங்கள். பவர் ரொம்ப அதிகம் என்றால் கூலிங் கிளாஸுக்கு உள்ளே தனியாக மாட்டுகிற பவர் லென்ஸ் கிளிப் இருக்கிறது. வெளி லென்ஸை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது அதில் நல்ல விஷயம். ஆனால் இமை போய் இடிக்கும், வியர்வை சொட்டும், மேடு ஏறி நின்றதும் பனி படிந்தது போல மங்கிவிடும். மைனஸ் நாலுக்குள் இருக்கிறவர்கள் நேரடியாக லென்ஸிலேயே பவர் போடுவது நல்லது என்பது என் கருத்து.

நாற்பது தாண்டியவர்கள் பழக்கத்தில் புரோகிரசிவ் (தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸ்) கேட்பார்கள். வேண்டாம். அதன் கீழ்ப் பகுதி படிப்பதற்கான பவர், முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற ஸ்பீடு பிரேக்கர் அந்த வழியாகத்தான் தெரியும், அதாவது மங்கலாகத் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் போட்டுக்கொண்டு ஸ்கிரீனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

லென்ஸ் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்கிற பிளாஸ்டிக்கில் இருக்கட்டும், வேறு எதுவும் வேண்டாம். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் லாரிக்குப் பின்னால் போயிருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, சக்கரத்திலிருந்து தெறிக்கிற சின்னக் கல் போதும். இரண்டும் சுலபத்தில் உடையாது. பாலிகார்பனேட்டில் கீறல் சீக்கிரம் விழும், அதனால் மேலே கோட்டிங் கட்டாயம். தூசியோடு பனியன் நுனியால் துடைக்கவே துடைக்காதீர்கள். பாட்டில் தண்ணீரை ஊற்றி மண்ணைக் கழுவிவிட்டுத் துணியை எடுங்கள்.

வாங்கப் போகும்போது ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், கண்ணாடிக் காது ஹெல்மெட்டின் பின்பட்டையில் இடிக்கிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்துவிடலாம். மூக்குத் தாங்கி ரப்பராக, வளைத்துச் சரிசெய்யும்படி இருக்க வேண்டும், வியர்வையில் வழுக்காது. வாங்கி வந்த பிறகு பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒகேனக்கல் போகிற அன்று பையில் இருக்கட்டும். அங்கே புதுசு உடைந்துவிட்டால் 46 கிலோமீட்டர் திரும்பி வர அதுதான் உதவும்.