பூம் லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்ட இரண்டு நாள்

இரண்டு வருடம் சிசர் லிஃப்ட் ஓட்டிய பிறகுதான் பூம் லிஃப்ட் பயிற்சிக்குப் போனேன். இரண்டுமே உயரத்தில் வேலை செய்ய ஆளைத் தூக்கும் வண்டிகள். இந்த மாதிரி வண்டிகளுக்கான சர்வதேச அமைப்பான ஐபாஃபின் (IPAF) பயிற்சியில் சிசர் வகைக்கு 3ஏ பிரிவு, நகரும் பூமுக்கு 3பி. கார்டு 5 வருடம் செல்லும், ஆனால் 3ஏ மட்டும் இருந்தால் பூமைத் தொடக்கூடாது. ஏன் இப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது முதல் நாளே புரிந்தது. சிசர் நேராக ஏறி நேராக இறங்கும். பூம் என்ற நீண்ட கை நீளும், மடங்கும், சுழலும். நாம் நிற்கும் பாஸ்கெட் சக்கரங்களைத் தாண்டி வெளியே போய் நிற்கும்.

காலையில் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது. அழுத்தத்தோடு ஆயில் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்றில் ஈரம் தெரிந்தது. எங்கே கசிகிறது என்று பார்க்க விரலைக் கொண்டு போனேன். பயிற்சியாளர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தம்பி, கையை வைக்காதீங்க. ஊசி ஓட்டை அளவு கசிவு போதும், ஆயில் தோலுக்குள்ளே போயிடும்." மெஷினை அணைத்து அழுத்தத்தை இறக்கச் சொன்னார். கசிவைத் தேடுவதாக இருந்தால் ஒரு அட்டைத் துண்டைத்தான் நீட்ட வேண்டும், கையை அல்ல என்றார். அன்றைக்கு அந்த வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேறு வண்டி எடுத்தோம். டயர் விஷயமும் எனக்குப் புதிது. சில மாடல்களில் காற்றுக்குப் பதில் ஃபோம் நிரப்பியிருப்பார்கள். அந்த எடையும் வண்டி கவிழாமல் நிற்கும் கணக்கில் சேர்ந்தது என்பதால் வேறு டயரைப் பொருத்திவிட முடியாது.

பாஸ்கெட்டில் ஏறியதும் முதல் வேலை, உடம்பில் கட்டிய பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸின் குட்டைக் கயிற்றை, அதாவது லேன்யார்டை, உள்ளே இருக்கும் வளையத்தில் மாட்டுவது. கைப்பிடிக் கம்பியில் மாட்டக்கூடாது. அடுத்தது ஃபுட் சுவிட்ச். அதை மிதிக்காமல் ஜாய்ஸ்டிக்கை அசைத்துப் பார்க்க வேண்டும், எதுவும் நகரக்கூடாது. எங்கள் வண்டியின் பாஸ்கெட் 230 கிலோ தாங்கும். ஆள், கருவி, பொருள் எல்லாம் அதற்குள்தான். காற்றுக்கு எல்லை விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். பெரிய தகரமோ பலகையோ ஏற்றினால் அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும் என்பதையும் சொன்னார்.

என்னை ரொம்பக் குழப்பியது ஓட்டுவதுதான். பூமை 180 டிகிரி சுழற்றிவிட்டால் நமக்கு முன்னால் இருப்பது வண்டியின் பின்பக்கம். ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளினேன், வண்டி பின்னால் போனது. "காலை எடுங்க!" என்று கீழேயிருந்து சத்தம். காலை எடுத்ததும் நின்றுவிட்டது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலும் கன்ட்ரோல் பேனலிலும் திசைக்கு ஒரு நிறமாக, ஒன்றுக்கொன்று பொருந்தும் அம்புக்குறிகள் இருக்கும். அன்றிலிருந்து அந்த நிறத்தைப் பார்க்காமல் நான் நகர்த்துவதில்லை.

இரண்டாம் நாள் நடந்ததை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ராத்திரி மழை பெய்திருந்தது. முந்தின நாள் நடந்து பார்த்த பாதைதானே என்று மறுபடி பார்க்காமல் வண்டியை எடுத்தேன். பாஸ்கெட் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்தில். நத்தை வேகம்தான். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒரு சக்கரம் இறங்கியது. அப்புறம் அளந்தபோது நாலு விரல் ஆழம்கூட இல்லை. ஆனால் மேலே பாஸ்கெட் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி என்னைக் கவண் கல் போல வீசியது. இரண்டு காலும் தரையை விட்டன. லேன்யார்ட் இழுத்துப் பிடித்ததில் இடுப்பெலும்பு கம்பியில் மோதியது, அவ்வளவோடு தப்பித்தேன். பயிற்சியாளர் திட்டவில்லை. கீழே வரச் சொல்லி, அந்தப் பாதை முழுவதும் என்னோடு நடந்தார்.

மதியம் மீட்புப் பயிற்சி. மேலே இருப்பவர் மயங்கிவிட்டார் என்று வைத்துக்கொண்டு, கீழேயிருந்து நான் இறக்க வேண்டும். சாவியைத் தரைக் கன்ட்ரோலுக்கு மாற்றினேன். இன்ஜின் நின்றுபோனதாகக் கணக்கு, அதனால் அவசர பம்ப்பை ஓட்டி உடனே பூமைத் தாழ்த்தப் போனேன். "முதல்ல உள்ளே இழுங்க" என்றார். நீட்டிய பூமை அப்படியே தாழ்த்தினால் பாஸ்கெட் இன்னும் வெளியே போகும், கவிழும் ஆபத்து கூடும். இதைத் தெரிந்த ஒருவர் கீழே இல்லாமல் நான் மேலே ஏறவே மாட்டேன்.

எழுத்துத் தேர்வு சுலபம். ஓட்டும் தேர்வில், இரும்பு உத்தரத்துக்கு அடியில் பாஸ்கெட்டை ஏற்றும்போது தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் பார்க்கிறோமா என்பதைத்தான் உற்றுக் கவனித்தார்கள். பேனலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே நெஞ்சு நசுங்கி ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

தேர்ச்சி பெற்ற பிறகு வந்த முதல் வேலையில், ஏறுவதற்கு முன் பாதையை நடந்து பார்த்தேன். கேபிள் பதித்து மூடிய பள்ளம் ஒன்றில் குதிகால் மெல்லப் புதைந்தது. இரும்புத் தகடு போட்டால்தான் வண்டியை எடுப்பேன் என்றேன். சூப்பர்வைசர் முகம் சுளித்தார், நாற்பது நிமிடம் போனது. தகடு வந்தது. லேன்யார்டை மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஃபுட் சுவிட்சை மிதித்தேன்.