அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வி

போர் நடக்கும் நாட்டுக்குப் படம் எடுக்கப் போகுமுன் நிரப்ப வேண்டிய படிவம், மொத்தம் 11 பக்கம். பெயர், பாஸ்போர்ட் எண், ரத்த வகை, உடம்பில் உள்ள தழும்புகள், பல் வைத்தியம் செய்த விவரம் என்று மளமளவென்று எழுதிக்கொண்டே போனேன். ஏழாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் மட்டுமே பதில் தெரிந்த மூன்று கேள்விகளை எழுதவும் என்று இருந்தது.

யாராவது நம்மைக் கடத்திக்கொண்டுபோய்ப் பேரம் பேசினால், நாம் உயிரோடு இருக்கிறோமா என்று உறுதி செய்ய அந்தக் கேள்விகள். முகநூலைத் துழாவினால் பதில் கிடைத்துவிடக் கூடாது.

எனக்குக் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர். எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாத புகைப்படக்காரன். 2023இல் உக்ரைன் போக வாய்ப்பு வந்தது. பயிற்சியும் காப்பீடும் இருந்தால்தான் படம் வாங்குவோம் என்று வெளிநாட்டு இதழ் ஒன்று சொன்னது. அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் கதை இருக்கிறது. சிரியாவில் கடத்தப்பட்ட அமெரிக்க நிருபர் ஜேம்ஸ் ஃபோலி 2014இல் கொல்லப்பட்டார். அவரும் என்னைப் போல் தனி ஆள்தான். அதற்குப் பிறகு, 2015இல்தான் தனி ஆட்களின் பாதுகாப்புக்கென்று ஒரு பொது நெறிமுறையில் செய்தி நிறுவனங்கள் பல கையெழுத்திட்டன.

சரி, கேள்விக்கு வருகிறேன். அம்மா முற்றத்தில் சாளை கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னத்துக்கு மக்கா இதெல்லாம்?"

"ஆபீஸ்ல கேக்காவ."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்னதுல நீ வள்ளத்துக்கு அடியில என்னத்த ஒளிச்சு வெச்சேன்னு கேளு" என்றார். பதிலை இங்கே எழுத மாட்டேன், இன்னும் தேவைப்படலாம். கேள்வியையும் சற்று மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

தழும்பு இருக்கும் பக்கத்தை அம்மா எப்போது பார்த்தாரோ தெரியாது. ராத்திரி சோறு போடும்போது, "ஓகிக்கும் இதத்தானே கேட்டாவ" என்றார். 2017 நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயலுக்குப் பிறகு, கரைக்கு வந்த உடல்களை அடையாளம் காண முடியாமல், தழும்பு உண்டா, என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டு, கடைசியில் டிஎன்ஏ பரிசோதனை வரைக்கும் போனார்கள். அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே இருந்தேன்.

டில்லியில் 4 நாள் பயிற்சி. அதில் பாதிக்கு மேல் ரத்தத்தை நிறுத்துவதுதான். போர்ப் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ராட்டாவில் இறந்தது தொடைப் பக்கம் பட்ட காயத்தில் ரத்தம் வடிந்துதான். கூட இருந்தவர்களுக்கு முதலுதவி தெரிந்திருந்தால் என்ற ஆற்றாமையில்தான் அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் போர்முனை போகும் தனி ஆட்களுக்கு இலவசப் பயிற்சி தொடங்கினார்.

ஊருக்கு வந்து, ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் பட்டையை அத்தானின் கையில் கட்டிப் பழகினேன். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டில் படாமல் சுற்ற வேண்டும். பட்டையை இழுத்து ஒட்டி, ரத்தம் நிற்கும்வரை அதிலுள்ள சின்னக் கம்பைத் திருக வேண்டும். கட்டிய நேரத்தை அதிலேயே எழுத வேண்டும். நாமாக அவிழ்க்கக் கூடாது. விசைப்படகில் இருபது வருடம் போன அத்தானுக்குச் சிரிப்பு. "கயிறு கெட்ட எனக்குச் சொல்லித் தாறியாடே?" என்றவர், மூன்றாவது திருகலில் பல்லைக் கடித்தார். சரியாகக் கட்டினால் அப்படித்தான் வலிக்கும்.

விசா வேலை சலிப்பானது. உக்ரைனின் வான்வழி மூடியிருந்ததால் போலந்து போய் ரயில் ஏற வேண்டும். அதற்கு இரண்டு நாட்டு விசா. போலந்துக்கான ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) ஒரே நுழைவு என்று முத்திரை விழுந்துவிட்டால் திரும்பிவர வழியில்லை. விண்ணப்பத்திலேயே பல முறை நுழைவு என்று கேளுங்கள், காரணத்தைக் கடிதமாக வையுங்கள். ராணுவ அனுமதி அட்டை தனி. ஏவுகணை விழுந்த இடத்தை உடனே படம் போடக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நியாயம்தான். அடித்தவனுக்கு அடுத்த குறியை நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

நான் உண்மையில் மல்லுக்கு நின்றது காப்பீட்டில். சாதாரணப் பயணக் காப்பீடு போருக்குச் செல்லாது, தனியாக எடுத்தோம். பிறகுதான் கவனித்தேன்: எனக்கு வண்டி ஓட்டி, மொழிபெயர்த்து, எந்தச் சாலையில் போகலாம் என்று முடிவெடுக்கப்போகும் உள்ளூர்க்காரரின் பெயர் 11 பக்கத்தில் எங்குமே இல்லை. இதழில் கேட்டேன். "அவர் நம்முடைய ஆள் இல்லையே" என்று பதில் வந்தது.

யாழ்ப்பாணத்தில் 2000 அக்டோபரில் சுட்டுக்கொல்லப்பட்ட நிமலராஜன் அந்த மண்ணின் ஆள். பிபிசி போன்ற வெளியூர் ஊடகங்களுக்கு அங்கிருந்து செய்தி தந்தவர். 2001இல் வன்னியிலிருந்து திரும்பும்போது ஒரு கண்ணை இழந்த வெளிநாட்டு நிருபர் மேரி கொல்வினை உலகமே அறியும். அவரைக் காட்டுவழியே கூட்டிவந்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. காசாவுக்குள் சுயமாகப் போய்ச் செய்தி சேகரிக்க வெளிநாட்டு நிருபர்களை இஸ்ரேல் விடவில்லை. அங்கே செத்த செய்தியாளர்களில் ஏறக்குறைய எல்லோரும் உள்ளூர்க்காரர்கள்.

நான் ஒன்றும் பெரிய நியாயவான் இல்லை. ஓகி சமயத்தில் சின்னத்துறையில் ஒரு அக்கா மணலில் விழுந்து அழுததைக் கேட்காமல் எடுத்தேன். "படத்த கொண்டுபோயி என்ன செய்யப்போற?" என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தேன். படம் விற்றது. அந்தக் காசில்தான் இப்போது வைத்திருக்கும் லென்ஸ் வாங்கினேன். உக்ரைன் டிரைவரின் பெயருக்காக நான் விடாமல் மின்னஞ்சல் அனுப்பியதில் அந்த லென்சுக்கும் பங்கு உண்டு.

கடைசியில் 14 நாள் பயணத்தை 9 நாளாகக் குறைத்து, மிச்சப் பணத்தில் அவருக்கும் காப்பீடு போட்டோம். முன்னணிக் கோட்டுக்கு நாங்கள் போகவே இல்லை. இன்று போக வேண்டாம் என்று அவர் சொன்ன இரண்டு நாளும் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்புமுன் மூன்று கேள்வி, மூன்று பதில், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்கள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, நான் சொல்லாமல் பிரிக்கக் கூடாது என்று அம்மாவிடம் கொடுத்தேன். வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். திரும்பி வந்ததும் எடுத்துப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது.

"நான் பிரிக்கல்ல மக்கா, கடக்காத்துல பசை விட்டுப்போச்சு" என்றார்.