வழக்கு எண்ணைத் தேதியிலிருந்து கழித்தால்

ஒரு மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் உட்கார்ந்து படிப்பது தீர்ப்புகள். அமெரிக்காவில் படைவீரர் மேல்முறையீட்டு வாரியம் என்று ஒன்று இருக்கிறது, அது தரும் தீர்ப்புகளை மனுதாரர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். என் நண்பரின் மகன் அங்கே ராணுவத்தில் இருந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறான். பீரங்கிப் படை. காதில் ஓயாத இரைச்சல், தூங்க முடியவில்லை என்கிறான். இழப்பீட்டுக்கு மனு போடப் போகிறான், நீ கொஞ்சம் படித்துப் பார்த்துச் சொல்லேன் என்று நண்பர் கேட்டார். அப்படி ஆரம்பித்தது, இப்போது விட முடியவில்லை.

ஒவ்வொரு தீர்ப்பின் தலையிலும் வழக்கு எண் இருக்கும், பக்கத்திலேயே தீர்ப்புத் தேதி இருக்கும். 2019-க்கு அப்புறம் போட்ட அப்பீல்களில் அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஒரு தேதிதான். 200311 என்று ஆரம்பித்தால் 2020 மார்ச் 11-ல் அப்பீல் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். பழைய முறை வழக்குகளில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. 12 என்று ஆரம்பிக்கும் எண்ணுக்குக் கீழே 2018 என்று தீர்ப்புத் தேதி இருந்தால், கழித்துப் பார்க்கக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் கழித்துத்தான் பார்க்கிறேன். அதுவும் அப்பீல் கட்டத்துக் காத்திருப்பு மட்டும். முதல் மனு என்றைக்குப் போட்டார், அது எப்போது தள்ளுபடியானது என்பதெல்லாம் உள்ளே பத்தி பத்தியாகத் தேட வேண்டும்.

முதல் மனு போவது படைவீரர் துறையின் அலுவலகத்துக்கு, அதில் காட்ட வேண்டியது மூன்று விஷயம். இப்போது நோய் இருக்கிறது, பணியில் இருந்தபோது ஏதோ நடந்தது, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மூன்றும் நின்றால், பாதிப்பு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை பத்துப் பத்தாகச் சதவீதம் போடுவார்கள். 2024-ல் தனி ஆளுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 171.23 டாலர், 100 சதவீதம் என்றால் 3,737.85 டாலர். வேலைக்கே போக முடியாத ஒருவருக்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் வீட்டு வாடகையும் சோறும் இருக்கின்றன. அதனால் தள்ளுபடியானாலும் அப்பீல், குறைத்துப் போட்டாலும் அப்பீல்.

2017 வாக்கில் இப்படித் தேங்கிக் கிடந்த அப்பீல்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். வாரியம் வரை போனவர்கள் முடிவைப் பார்க்கச் சராசரியாக ஆறேழு வருஷம் ஆனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் புதுச் சட்டம் போட்டார்கள், 2019 பிப்ரவரி 19-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது மூன்று வழி. புதுச் சான்று எதுவும் தராமல் மூத்த அதிகாரி ஒருவரை மறுபடி பார்க்கச் சொல்லலாம், புதுச் சான்றோடு துணை மனு போடலாம், இல்லையென்றால் நேரே வாரியத்து நீதிபதியிடம் போகலாம். முதல் இரண்டுக்கும் சராசரி 125 நாள் என்பது அவர்களே வைத்துக்கொண்ட இலக்கு. வாரியத்தில் புதுச் சான்றும் நேர் விசாரணையும் இல்லாமல் கோப்பை மட்டும் பார்த்துத் தீர்க்கும் வரிசைக்கு 365 நாள். நீதிபதி முன்னால் நானே பேச வேண்டும் என்று கேட்டால் அந்த வரிசை இன்னும் நீளம். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் பலர் அதைத்தான் கேட்கிறார்கள், அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இத்தனை வருஷம் காகிதத்தோடு பேசிய ஆளுக்கு ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதானே இருக்கும்.

சரி, வரிசையைச் சுருக்கிவிட்டால் தீர்ந்ததா? தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது வேறு. இந்தக் காத்திருப்பின் பெரிய பங்கு கோப்பு எத்தனை முறை திரும்பிப் போனது என்பதில் இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் சொல் ரிமாண்ட். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜெயில்தான் ஞாபகம் வரும், இங்கே கோப்பைக் கீழ் அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்புவது. நீதிபதி சரி என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. இந்தப் பரிசோதனை போதாது, இன்னொன்று செய்து வா என்கிறார்.

திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு மாதிரியைச் சொல்கிறேன். முழங்கால் வலி என்று மனு. அலுவலகம் ஒரு மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்புகிறது. அவர் எழுதும் கருத்தின் சாரம் ஒரே வரி: பணிக்கால மருத்துவக் குறிப்புகளில் முழங்கால் பற்றி எதுவும் இல்லை, ஆகவே பணியோடு தொடர்பு இல்லை. மனுதாரரோ லாரியிலிருந்து குதித்தபோது மடங்கியது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன், அங்கே யார் மருத்துவரிடம் போனார்கள் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அதை அந்த மருத்துவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்துக் கருத்து சொல் என்று கோப்பு திரும்புகிறது. இந்த ஒரு வரிக்காக ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார். முதல் பரிசோதனை நடந்த அன்றைக்கே அந்த மருத்துவர் இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும்.

பழைய முறையில் ரிமாண்ட் ஆன கோப்பு, கீழே மறுபடி மறுத்தால், தன் இடத்தை இழக்காமல் வாரியத்துக்குத் தானாகத் திரும்பும். புது முறையில் கீழே மறுபடி மறுத்தால் மனுதாரர்தான் மறுபடி வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வாரியம் என்றால் புதிதாக அப்பீல், புது எண். ஆக நான் கழித்துப் பார்க்கும் அந்தக் கணக்குகூட இப்போது முழுக் காத்திருப்பையும் காட்டுவதில்லை. இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வாரியத்துக்கு மேலே 1988-ல் உண்டாக்கிய தனி நீதிமன்றம் இருக்கிறது, 120 நாளுக்குள் போக வேண்டும். அங்கே போகும் வழக்குகளிலும் பெரும்பாலானவை வாரியத்துக்கே திரும்பி வருகின்றன.

சட்டம் என்னவோ படைவீரர் பக்கம்தான். நம் ஊர் கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்போமே, அங்கே அந்தப் பலன் படைவீரருக்கு. இரண்டு பக்கச் சான்றும் சமமாக நின்றால் அவருக்குச் சாதகமாகத் தீர்க்க வேண்டும், ஐம்பதுக்கு ஐம்பது போதும். கோப்பே இல்லாவிட்டால்? 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. 1912-லிருந்து 1960-க்குள் தரைப்படையிலிருந்து வெளியே வந்தவர்களின் கோப்புகளில் எண்பது சதவீதம் அதில் சாம்பல். அந்த மாதிரி ஆட்களுக்கு அலுவலகம் கூடுதலாக உதவ வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் வேறு இடங்களில் ஆவணம் தேடுவதற்கும் நாள் ஆகிறது, அந்த நாளும் இவர்கள் தலையில்தான் விடிகிறது.

வியட்நாம் போனவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை. ஏஜென்ட் ஆரஞ்சு என்று, காட்டு இலைகளை உதிர்க்க அமெரிக்க ராணுவம் அங்கே தெளித்த விஷ மருந்து, 1971-ல் நின்றது. அதனால் வந்தது என்று சில நோய்களைச் சான்று கேட்காமல் ஏற்க வழிசெய்த சட்டம் 1991-ல். உயர் ரத்த அழுத்தம் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2022-ல், பணியில் நச்சுப் பொருள்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பாக்ட் சட்டத்தில். 1968-ல் இருபது வயசில் போனவருக்கு 2022-ல் எழுபத்து நாலு. அந்தச் சட்டத்தால் மனுக்கள் குவிந்து தேக்கம் கூடியது உண்மை, அதற்காக இத்தனை பேர் ஏன் மனு போடுகிறார்கள் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. அரசாங்கம் ஒப்புக்கொள்ள ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டது, இவர்கள் அதற்குப் பிறகுதானே கேட்க முடியும். எழுபத்தைந்து வயது ஆகிவிட்டாலோ கடும் நோய் என்றாலோ பணக்கஷ்டம் என்றாலோ வாரியத்தில் முன்னுக்குக் கொண்டுவரக் கேட்கலாம். அது தெரியாமல் வரிசையிலேயே நிற்பவர்கள் இருப்பார்கள்.

காத்திருக்கும்போதே ஆள் போய்விட்டால், முன்பெல்லாம் மனுவும் அவரோடு போய்விடும். 2008-ல்தான் குடும்பத்தினர் அவர் இடத்தில் நின்று நடத்தலாம் என்று மாற்றினார்கள், இறந்த ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். மனைவி நிற்கலாம். வளர்ந்த பிள்ளைகள் என்றால் பெரும்பாலும் கடைசிக்கால மருத்துவச் செலவும் அடக்கச் செலவும் தந்தவர் அந்த அளவுக்குத்தான் பெற முடியும். ஜெயித்தால் பழைய பாக்கி வரும், வட்டி கிடையாது.

நண்பர் மகனிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். வெளியே வந்த ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால் வெளியே வந்த மறுநாளிலிருந்தே பணம் கணக்காகும், அதை விடாதே. மறுத்துக் கடிதம் வந்தால் அதன் தேதியிலிருந்து ஒரு வருஷம், அதற்குள் அடுத்த அடி வைத்தால் முதல் தேதி கையில் நிற்கும். பரிசோதனை அறிக்கையை வாங்கி நீயே படி, நீ சொன்னதை அவர் எழுதியிருக்கிறாரா பார். எழுதவில்லை என்றால் வருஷக்கணக்கில் வாரியத்துக்குக் காத்திராமல் வேறு மருத்துவரின் கடிதத்தோடு துணை மனு போடு. படைவீரர் சங்கங்கள் காசு வாங்காமல் உதவுகின்றன, தனியாக நிற்காதே.

நேற்று அவன் வாக்குமூலம் எழுதி அனுப்பியிருந்தான். இரண்டு பக்கம், பீரங்கிக்கு எத்தனை அடி தள்ளி நின்றான், எந்தக் காதில் முதலில் ஆரம்பித்தது, காதடைப்பானை எப்போது கழற்ற வேண்டியிருந்தது, எல்லாம் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறான். கீழே கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. உடனே கூப்பிட்டுப் போடச் சொன்னேன்.