தரையில் தவழும் குளோரியோசம்: பதினான்கு மாத வளர்ப்பு அனுபவம்

பிலோடென்ட்ரான் என்ற பெயர், மரத்தை நேசிப்பது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. அந்தப் பேரினத்தில் பல செடிகள் மரத்தைப் பற்றி ஏறுபவை என்பதால், சென்ற ஆண்டு ஜூன் மாதம் பிலோடென்ட்ரான் குளோரியோசம் கன்றைச் சென்னையிலுள்ள எங்கள் அடுக்ககத்துக்கு வாங்கி வந்தபோது, உயரமான தொட்டியில் தேங்காய் நார் சுற்றிய கம்பை நட்டு, தண்டை நிமிர்த்திப் புதைத்தேன். மூன்று வாரங்களில் இரண்டு இலைகளில் ஒன்று மஞ்சளாகிச் சாய்ந்தது. கிளறிப் பார்த்தால், விரல் தடிமனுள்ள தண்டின் அடி பழுப்பேறிக் குழைந்து, அழுத்தினால் நீர் கசிந்தது.

1876ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் எதுவார் ஆந்த்ரே பெயரிட்ட இந்தச் செடி, தன் தாயகமான கொலம்பியாவின் காடுகளில் மரம் ஏறுவதில்லை. சருகு மூடிய தரையின் மேல் தண்டு கிடையாகத் தவழ, கணுதோறும் வேர் கீழே இறங்க, காம்பு மட்டும் நிமிர்ந்து இதய வடிவ இலையைத் தாங்குகிறது. தவழும் தண்டை ஈர மண்ணுக்குள் புதைத்ததே அழுகலுக்குக் காரணம்.

தீயில் காட்டிய கத்தியால் அழுகிய பகுதியை நீக்கி, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டேன். எஞ்சிய மூன்று கணுக்களையும் ஒற்றை இலையையும் ஈரமான ஸ்பாக்னம் பாசியின் மேல் கிடத்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்ததில், ஆகஸ்ட் கடைசியில் வெள்ளை வேர்கள் விட்டன.

செப்டம்பரில் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள செவ்வகத் தொட்டிக்கு மாற்றினேன். தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, பெர்லைட் என்னும் பொரித்த எரிமலைக்கல் துணுக்கு ஒரு பங்கு, அடுப்புக்கரித் துண்டு அரைப் பங்கு, ஒரு கைப்பிடி மண்புழு உரம் ஆகியவை கலவை. மட்டையில் உப்பு தங்கியிருக்கும் என்பதால், தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று நாள் ஊறவைத்தே பயன்படுத்தினேன். தண்டைத் தொட்டியின் ஒரு முனையில் மேலாகக் கிடத்தி, வளர்முனை நீளவாக்கில் முன்னோக்கி இருக்குமாறு பார்த்துக்கொண்டு, வேர்களை மட்டும் மூடி, பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியைக் கொண்டை ஊசிபோல் வளைத்துக் குத்தி நிறுத்தினேன்.

நவம்பரில் முதல் புதிய இலை வந்தது. பாளைபோன்ற உறையைக் கிழித்துக்கொண்டு வாழைக்குருத்தாகச் சுருண்டு வெளிவந்து, விரிந்த முதல் நாள் வெளிறிய பச்சையில் பளபளத்தது. விளிம்பைச் சுற்றிலும் நூலிழையாய் இளஞ்சிவப்பு ஓடியது. இரண்டு வாரங்களில் பளபளப்பு அடங்கி, வெள்ளை நரம்புகளுடன் கரும்பச்சைப் பட்டாயிற்று. மேல்தோலின் செல்கள் தட்டையாக இல்லாமல் குமிழாகப் புடைத்திருப்பதால்தான் அந்தப் பட்டுத்தன்மை. ஆகவே வேப்பெண்ணெய் தெளிப்பதும், ஈரத்துணியால் அழுத்தித் துடைப்பதும் இதற்கு ஆகாது என்பது என் முடிவு. ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டிவிடுகிறேன்.

ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றியவரை கலவையின் மேல் வெண்படலம் படிந்து, இலைநுனி கருகியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடித்துவைத்த நீருக்கு மாறியபின் வந்த இலைகளில் கருகல் இல்லை. மழைநீர் தீர்ந்ததும் ஆர்ஓ நீரை ஊற்றினேன். மே மாதம் வெயிலுக்கு அஞ்சிச் செடியைக் குளிர்சாதன அறைக்கு மாற்றினேன். அங்கே ஈரப்பத மானி 45 விழுக்காடு மட்டுமே காட்டியது. நான்காவது குருத்து உறையிலேயே ஒட்டிக்கொண்டு, விரியும்போது நடுவில் கிழிந்துவிட்டது. மறுநாளே கூடத்தின் கிழக்கு ஜன்னலருகே, மெல்லிய திரைக்குப் பின்னால் கொண்டுவந்தேன். ஜூலையில் அங்கே விரிந்த ஐந்தாவது இலை பழுதின்றி 26 சென்டிமீட்டர் நீளம் வந்திருக்கிறது. முதல் இலை 11 சென்டிமீட்டர்தான்.

இது சேம்பு, சேனைக் குடும்பத்துச் செடி. சேனையை நறுக்கினால் கை அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இதன் சாற்றிலும் உண்டு. வெட்டும்போது கையுறை அவசியம். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

ஒவ்வோர் இலைக்கும் தண்டு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நகர்கிறது. வளர்முனைக்கு முன்னால் இன்னும் 20 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது; நேற்று அதில் ஆறாவது குருத்தின் உறை தலைகாட்டியது.