செர்ரி நிறக் கால்சட்டை: 11-வது ஹுசார் பொம்மைகள் இதுவரை

பிரிட்டிஷ் குதிரைப்படையின் 11-வது ஹுசார் (இலகு குதிரைவீரர்) ரெஜிமென்ட்டை மூன்று பொம்மைகளில் கொண்டுவரலாம் என்று தொடங்கிய வேலை இது. முதல் பொம்மை முடிந்தது, இரண்டாவது முக்கால்வாசி, மூன்றாவது இன்னும் பால்சா மரத்துண்டுகளாக மேசையில் கிடக்கிறது. ஆட்கள் எல்லாம் 54 மி.மீ. உயரம், உலோக வார்ப்பு, அக்ரிலிக் பெயிண்ட்.

முதல் ஆள், ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் நின்ற ஒரு சாதாரண சிப்பாய். கார்டிகன் பிரபுவைச் செய்யலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். 1836-லிருந்து இந்த ரெஜிமென்ட்டின் தலைவர், சிப்பாய்களின் உடுப்பு மற்ற ரெஜிமென்ட்டுகளை விட ஜொலிக்க வேண்டும் என்று சொந்தக் காசைக் கொட்டியவர், அன்றைக்கு லைட் பிரிகேட் என்ற இலகு குதிரைப்படைப் பிரிவுக்கே முன்னால் குதிரையில் போனவர், எல்லாம் சரிதான். ஆனால் அவர் பின்னால் பீரங்கிகளை நோக்கிப் போன ஆட்களுக்குத்தான் என் மனசு போகிறது. முதல் வரிசையில் போக வேண்டிய 11-வது ஹுசார்களை, குதிரைப்படைத் தளபதி லூக்கன் பிரபு கடைசி நேரத்தில் இரண்டாம் வரிசைக்குத் தள்ளிவிட்டார். அப்படிப் போயும் இழப்பு கொஞ்சநஞ்சமில்லை. அங்கே ஒரு சார்ஜென்ட்டைச் சூழ்ந்த ரஷ்ய வீரர்களை வெட்டி வீழ்த்தி அவரைக் காப்பாற்றிய லெஃப்டினன்ட் அலெக்சாண்டர் டன்னுக்கு, வீரத்துக்கான பிரிட்டனின் உயரிய விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. கனடாவில் பிறந்தவர்களில் அதை முதலில் வாங்கியவர் அவர்தான்.

சரி, கால்சட்டைக்கு வருவோம். இந்த ரெஜிமென்ட்டின் அடையாளமே அந்தக் கருஞ்சிவப்புதான். 1840-ல் விக்டோரியா ராணியை மணக்க வந்த ஆல்பர்ட் இளவரசரை டோவரிலிருந்து கேன்டர்பரி வரை அழைத்துப் போனது இந்தப் படை. அவருக்குப் பிடித்துப்போய், அதுவரை லைட் டிராகூன்களாக (இன்னொரு வகை இலகு குதிரைப்படை) இருந்தவர்கள் அவர் பெயர் தாங்கிய ஹுசார்கள் ஆனார்கள். அவர் குடும்பத்துச் சேவகர்களின் சீருடை நிறம் இவர்களின் காலுக்கு வந்தது என்பது ரெஜிமென்ட்டில் வழிவழியாகச் சொல்வது. 'செர்ரி பறிப்பவர்கள்' என்ற பட்டப்பெயர் அதற்கும் மூத்தது. 1811-ல் ஸ்பெயினில் சான் மார்ட்டின் டி ட்ரெவெஹோ அருகே செர்ரித் தோப்பில் இருந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் வந்து பாய்ந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். கால்சட்டையைப் பார்த்துத்தான் பெயர் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் நடுவில் 29 வருஷம் இருக்கிறது.

இந்த நிறத்தைக் கொண்டுவருவதில்தான் அதிக நேரம் போனது. கருஞ்சிவப்பு அடிப்பூச்சு, மடிப்புகளின் உள்ளே அதோடு துளி கருநீலம். மேடான இடங்களுக்கு வெள்ளை கலந்தால் பஞ்சுமிட்டாய் நிறம் ஆகிவிடும். ஆரஞ்சு அதிகமானால் காலாட்படையின் பளீர் சிவப்புக்குப் போய்விடும். தோல் நிறப் பெயிண்ட்டைக் கொஞ்சமாகக் கலந்து, நீர்க்க, முழங்காலிலும் தொடை மேலும் மட்டும் இழுத்தால் கம்பளித் துணி மாதிரியே நிற்கிறது. பக்கவாட்டில் இரட்டை மஞ்சள் பட்டை. மஞ்சள் எந்த நிறத்தின் மேலும் ஒழுங்காக மூடாது என்பதால், முதலில் காவி மஞ்சளில் கோடு போட்டு, காய்ந்தபின் அதன் நடுவில் மட்டும் பளிச்சென்ற மஞ்சளை வைத்தேன். மார்பில் குறுக்கே ஓடும் சரிகைக் கயிறுகளுக்கும் இதே முறைதான். ஒவ்வொரு கயிற்றுக்கும் கீழே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விட்டால் எல்லாம் தனித்தனியாக எழும்பி நிற்கும். இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது.

இரண்டாவது பொம்மைக்குக் குதிரை கிடையாது. 1928-ல் குதிரையை விட்டுக் கவச காருக்கு மாறிய முதல் குதிரைப்படைகளில் இதுவும் ஒன்று. 1940 ஜூனில் இத்தாலி போர் அறிவித்த கையோடு எகிப்து எல்லையின் முள்கம்பி வேலியைக் கடந்து லிபியாவுக்குள் புகுந்தவர்களும் இவர்களே. காக்கிச் சட்டை, அரைக்கால் சட்டை, தலையில் பழுப்பு பெரே தொப்பி. அந்தத் தொப்பியின் விளிம்பில் மட்டும் அதே கருஞ்சிவப்புப் பட்டை, சின்னம் எதுவும் இல்லாமல். பாலைவனத்தில், எண்ணெயும் புழுதியும் படிந்த ஆளின் தலையில், 1840-ன் அந்த நிறம் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது! இந்தப் பொம்மையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான், அதனாலேயே அதை மட்டும் புழுதிப் பூச்சு படாமல் விட்டிருக்கிறேன். 1969, 1992 என்று இரண்டு இணைப்புகள் நடந்து இப்போது கிங்ஸ் ராயல் ஹுசார்ஸ் ஆகிவிட்டாலும் கருஞ்சிவப்புக் கால்சட்டையும் பழுப்புத் தொப்பியும் அவர்களிடம் இன்னும் இருக்கின்றன.

மூன்றாவதில் சீருடையே கிடையாது. சிப்பாய் பேட்ரிக் ஃபவுலர் 1914-ல் பிரான்சில் தன் படையிலிருந்து பிரிந்து, ஜெர்மானியர் பிடித்த பகுதிக்குள் மாட்டிக்கொண்டார். பெர்த்ரி கிராமத்தில் மேடம் பெல்மோன்-கோபேர் என்ற பெண்மணி அவரைத் தன் வீட்டுத் துணி அலமாரிக்குள் ஒளித்து வைத்தார். அந்த வீட்டிலேயே ஜெர்மன் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். பிடிபட்டால் அந்தப் பெண்மணிக்கும் மரணம்தான். 1918-ல் பிரிட்டிஷ் படை வந்து சேரும் வரை அந்த வாழ்க்கை. ரெஜிமென்ட்டின் பெருமை என்று எதையெதையோ சொல்கிறார்கள், எனக்கு இந்த அலமாரிதான் முதலில்.

நிஜ அலமாரி வின்செஸ்டரில் ரெஜிமென்ட்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னுடையது ஆறு செ.மீ. சொச்சம் உயரம் வரும். பலகைகளை வெட்டி, ஊசிமுனையால் மரக்கோடுகள் கீறி, நீர்த்த பழுப்பு ஒரு கை கொடுத்தாயிற்று. கதவு திறந்து மூட வேண்டும், அதற்கு மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துக் கீல் செய்துகொண்டிருக்கிறேன். ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே உட்காரும் ஆளின் முழங்கால் கதவில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.