தொட்டபள்ளாபுரம் பக்கம் ஒரு மாசி மாசம், பைனாகுலரோட

பெங்களூர்ல இருந்து தொட்டபள்ளாபுரம் போற வழியில மாமாவுக்கு ரெண்டு ஏக்கர் இருக்கு. ராகி அறுத்து முடிஞ்சு நிலம் சும்மா கிடக்கு, ஓரத்துல கொஞ்சம் அவரை, வேலியில ஒரு பெரிய கல்யாண முருங்கை. பிப்ரவரி ஆரம்பத்துல இருந்து ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு பறவை பாக்க அங்க போயிடறேன்.

முதல் வாரம் நடந்துகிட்டே பாத்தேன். அது சரிப்படல, நான் வரப்புல கால் வச்சதுமே ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பிச்சுடும், அது கத்தினா மத்ததெல்லாம் பறந்துடும். மொத்தம் 11 வகைதான். அடுத்த வாரம் மோட்டார் ரூம் நிழல்ல அசையாம உக்காந்து, 15 நிமிஷத்துக்கு ஒரு லிஸ்ட்னு, பாத்த பறவைங்களைப் பதிவு பண்ற இபேர்ட் ஆப்ல போட்டேன், 23 வகை! பிப்ரவரி நடுவுல நாலு நாள் உலகம் பூரா நடக்கற பறவைக் கணக்கெடுப்பான கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்டுக்கும் குறைஞ்சது இதே 15 நிமிஷம்தான், அதனால அந்த லிஸ்டும் சேந்துடுச்சு.

கல்யாண முருங்கையைப் பத்தி தனியா சொல்லணும். இலை எல்லாம் கொட்டி வெறும் சிவப்பு பூவா நிக்குது, அதுல தேன் குடிக்க சோளக்குருவிங்க கூட்டமா வந்து இறங்குது, ரோஸி ஸ்டார்லிங்னு சொல்றது இதைத்தான், கருப்புத் தலை, ரோஸ் கலர் உடம்பு, மூஞ்சி பூரா மகரந்தம். மத்திய ஆசியாவுல முட்டையிட்டு குஞ்சு பொரிச்சிட்டு இவ்ளோ தூரம் வந்து நம்ம வேலி மரத்துல உக்காந்திருக்குன்னு நினைச்சா மனசு நிறைஞ்சு போகுது.

மூணாவது வாரம் வல்லூறு குரல் கேட்டு அரை மணி நேரம் ஒவ்வொரு மரமா தேடினேன். கடைசில பாத்தா கம்பி மேல இருந்த கரிச்சான் அப்படியே அதே மாதிரி கத்துது. இப்பல்லாம் குரல் மட்டும் கேட்டா லிஸ்ட்ல போடறதில்ல, கண்ணால பாத்தப்புறம்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தொட்டிகிட்ட தண்ணி கசியற இடத்துல மேயற மஞ்சள் வாலாட்டி. முதல் வாரம் அழுக்கு வெள்ளையா இருந்த நெஞ்சு இந்த வாரம் நல்லா மஞ்சளாயிடுச்சு, வடக்க கிளம்பறதுக்கு முன்னாடி இறகு மாத்துது. ஒரே இடத்துல வாராவாரம் உக்காந்ததாலதான் இது கண்ணுல பட்டுச்சு.

மழை ஒண்ணு விழுந்தா டிராக்டர் விடறேன்டான்னு மாமா சொல்லியிருக்கார். உழும்போது உண்ணிக்கொக்கு பின்னாடியே வரும், வாலாட்டி அதுவரைக்கும் இருக்குதான்னு பாக்கணும்.