பின்னை மாற்றுவதா, கார்டை மாற்றுவதா?

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அக்காவுக்கு, அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவருடைய மகன் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வந்திருந்தான். அதன் தட்டையான பின்கள் வீட்டுப் பிளக் பாயிண்டில் நுழையாததால், அக்கா கடைவீதியில் ஒரு அடாப்டரை வாங்கிச் செருகி சுவிட்சைப் போட்டார். அரிசி வேகும் முன்பே கருகிய வாடை வீசி, குக்கர் அணைந்துவிட்டது. மகன் சுமந்து வந்த பொருளைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டதாக அவர் பல நாள் வருந்தினார்.

தவறு அவருடையது அன்று. அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது, வோல்டேஜை மாற்றுவதில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம் ஊரில் 230 வோல்ட். சூடேற்றும் சுருள் எடுத்துக்கொள்ளும் மின்திறன் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அந்தக் குக்கர் தாங்க வேண்டியதைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கும் மேலான வெப்பத்தை ஒரே நொடியில் தாங்க நேர்ந்தது. ஆகவே வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் முதலில் அதன் அடியில் ஒட்டியுள்ள சிறு எழுத்துகளைப் படியுங்கள். '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் வோல்டேஜைப் பற்றிக் கவலை வேண்டாம். லேப்டாப், மொபைல் சார்ஜர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால், வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று அதன் திறனுக்கு ஏற்றதாக வேண்டும். அதுவும் ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை, மாற்றாது என்பதால், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சில மோட்டார்கள் நம் ஊரின் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றிச் சூடேறும்.

வோல்டேஜ் பொருந்தும் கருவிக்குக்கூட நான் அடாப்டரைப் பரிந்துரைப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து என் சித்தப்பா மகன் ஒரு கம்ப்யூட்டர் மானிட்டரைக் கொண்டு வந்தான். அந்நாட்டுப் பிளக்கில் மூன்று செவ்வகப் பின்களும் உள்ளே ஒரு ஃபியூஸும் இருக்கும். ஆனால் கார்டின், அதாவது பிளக்கோடு வரும் மின் ஒயரின், மானிட்டரில் செருகும் மறுமுனை ஐ.இ.சி. 60320 என்ற பன்னாட்டுத் தரத்தில் சி13 எனப்படும் வடிவம். அது சிங்கப்பூரிலும் ஜெர்மனியிலும் ஓசூரிலும் ஒன்றே. சுவரில் செருகும் முனைதான் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. எனவே மூன்று உருண்டைப் பின்கள் கொண்ட நம் ஊர்க் கார்டு ஒன்றை வாங்கி மாட்டினாலே போதும். வாங்கும்போது பிளக்கில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, ஒயரின் மேல் செம்பின் தடிமன் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எடையே இல்லாமல் கையில் துவளும் கார்டை நான் வாங்க மாட்டேன்.

கார்டை மாற்றச் சொல்வதற்கு முக்கியமான காரணம், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் இணைப்பு. மலிவான அடாப்டர்கள் பலவற்றில் மூன்றாவது பின் பேருக்குத்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஜெர்மனியின் பிளக்கில் எர்த் பின்னாக இல்லாமல் பக்கவாட்டில் பட்டையாக இருப்பதால், நம் சாக்கெட் சிலவற்றில் அது நுழைந்து கருவி வேலை செய்தாலும் எர்த் இணைப்பு கிடைப்பதில்லை. நம் பிளக்கிலோ எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடியாகவும் இருக்கிறது. மின்சாரம் வந்து சேரும் முன்பே எர்த் இணைந்துவிட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தப் பின்னை வெட்டிவிட்டுப் பயன்படுத்துவோரைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

புதிய கார்டை மாட்டிய பிறகும் மானிட்டரின் உலோகப் பகுதியைத் தொட்டபோது விரலில் லேசாகச் சுர்ரென்றது. உள்ளிருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியே கசியும் சிறு மின்னோட்டம் எர்த்துக்குப் போக வழியில்லாவிட்டால் அப்படி உணரலாம். எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்ததில் பிளக் பாயிண்டில் எர்த் ஒயர் சரியாகவே இருந்தது. வீட்டின் பின்புறம் உப்பும் கரியும் இட்டு மூடிய எர்த் குழிதான் கோடையில் வறண்டு கிடந்தது. எங்கள் பக்கத்துப் பாறை நிலத்தில் ஈரம் அதிக நாள் தங்காது. குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாள் அவர் மீட்டர் வைத்து அளந்து சரி என்று சொன்ன பிறகு தொட்டுப் பார்த்தேன். சுர்ரென்ற உணர்வு இல்லை. இப்போது கோடை முழுவதும் வாரம் ஒருமுறை துளசி மாடத்துக்கு ஊற்றும் கையோடு அந்தக் குழிக்கும் அம்மா ஒரு குடம் ஊற்றுகிறார்.